படாத பாடு

கேள்வி: ஊழியத்துக்கு வந்தவன் பாடு அனுபவித்தே ஆகவேண்டும், முறுமுறுக்கக் கூடாது என்கிறார் எங்கள் போதகர். துன்பத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது கோழைத்தனம் இல்லையா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: 'பாடு' என்று எழுதிவிட்டீர்கள், இனி என்னைப் பிடித்து நிறுத்த முடியாது. வழிபாடு, கட்டுப்பாடு, கூப்பாடு, ஏற்பாடு (அதிலும் பழையது ஒன்று, புதியது ஒன்று) என்று சபைக்குள் எங்கே திரும்பினாலும் பாடுதான். அசனப் பந்தியில் உட்கார்ந்தால் சாப்பாடு.

பல வருடங்களுக்கு முன் ஒரு தவக்காலச் சிறப்பிதழில் 'கிறிஸ்துவின் பாடுகள்' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். 'கிறிஸ்துவின் பாட்டுகள்' என்று அச்சாகி வந்தது. அடுத்த இதழில் திருத்தம் போட்டோம்: 'பாடல்கள் என்று திருத்தி வாசிக்கவும்.' பிழை திருத்துகிறவரைக் கேட்டால், பாட்டு என்பது பேச்சு வழக்காம், அதனால் எழுத்து வழக்குக்கு மாற்றினாராம். இன்றுவரை தன்மேல் தப்பில்லை என்கிறார். அவரிடம் நான் பட்ட பாடு எந்த ஊழியத்தில் சேரும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் வேதாகமத்தில் இன்னொரு பாடும் உண்டு: பெரும்பாடு. 12 வருடம் உதிரப்போக்கு நிற்காத பெண். தீட்டு என்று ஒதுங்கி நிற்க வேண்டியவள், கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ப் பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொட்டாள். 'இது தேவ சித்தம், பொறுத்துக்கொள்' என்று இயேசு அவளைத் திருப்பி அனுப்பவில்லை. 'மகளே' என்று கூப்பிட்டு அவள் விசுவாசத்தை மெச்சினார். இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குக் கொடுத்தும் நோய் இன்னும் மோசமானது என்று மாற்கு எழுதுகிறார். வைத்தியர் என்று பெயர் பெற்ற லூக்காவோ, யாராலும் குணமாக்க முடியவில்லை என்பதோடு பேனாவை மூடிவிடுகிறார். தொழில் விசுவாசம்!

கெத்செமனேயில் இயேசுவே முதலில் 'இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்' என்றுதானே ஜெபித்தார்? அது முறுமுறுப்பா? கேட்டார், நீங்கவில்லை, ஓடாமல் நின்றார். ஏற்றுக்கொள்வது என்றால் அவ்வளவுதான். கோழைக்கு அது வராது. ஆனால் குடிகாரப் புருஷனிடம் அடிவாங்குகிறவளிடம் போய் 'அது உன் சிலுவை, சும' என்று சொல்லும் பிரசங்கம் எனக்கு ஆகாது. சிலுவையை எடுத்துக்கொள்ளச் சொன்னாரே தவிர, அடுத்தவர் தோளில் ஏற்றிவிடச் சொல்லவில்லை.

உங்கள் ஊரிலிருந்து டோனாவூர் தொலைவில்லை. அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல், கோயிலுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளை அங்கே வைத்து வளர்த்தவர். 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அப்புறம் 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையும் படுக்கையும்தான். படுத்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். அவர் குழியைத் தேடிப் போகவில்லை, வேலையைத் தேடிப் போனார். போன இடத்தில் குழி இருந்தது. கல்லறைக்குப் பெயர் வெட்டிய கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் ஊழியர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து போனாலே சாட்சிக் கூட்டத்துக்கு முச்சந்தியில் ஃபிளெக்ஸ் கட்டிவிடுகிறார்கள். ஃபிளெக்ஸைப் பற்றி நான் ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது.

போதகரைப் பார்த்தால் 1 பேதுரு 4:15-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். கொலைகாரனாகவோ திருடனாகவோ பாடுபடாதே என்று சொல்லிவரும் பேதுரு, அதே மூச்சில் அடுத்தவர் காரியத்தில் தலையிடுகிறவனையும் சேர்த்துவிடுகிறார். கேள்வி-பதில் எழுதுகிறவனுக்கு அதில் விலக்கு உண்டா என்று அவரிடம் கேட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.