மாமியார் சொன்னதில் பாதி சரி

கேள்வி: பெங்களூரு பானஸ்வாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் ஐ.டி. வேலை. இரண்டரை வயது மகன் டே கேருக்குப் போகிறான். எடை 12 கிலோ. மூன்று நாள் முன்பு காய்ச்சல் வந்தது. மறுநாள் சாப்பாட்டை வாயில் வைத்ததுமே அழுதான். இப்போது உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம் எல்லாம் சிவப்புக் கொப்புளம். தருமபுரியிலிருந்து வந்திருக்கும் மாமியார் 'அம்மை' என்று வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார். குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் விடுவதில்லை. வேலைக்கு வரும் கன்னட அம்மாவும் அவர் கட்சி. அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் 'தக்காளிக் காய்ச்சல்' என்கிறார்கள். மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தார்கள். என்ன செய்வது? எப்போது டே கேருக்கு அனுப்பலாம்?
(ஒரு வாசகி, பெங்களூரு)

பதில்: முதலில் அந்த ஆன்டிபயாட்டிக் சிரப்பை மூடி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே கை, கால், வாய் நோய். இது வைரஸால் வருவது. பெரும்பாலும் காக்ஸாக்கி வகை வைரஸ்கள். ஆன்டிபயாட்டிக் அவற்றை ஒன்றும் செய்யாது, பையனுக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சமாகும். ஆனாலும் ஒரு குழந்தை மருத்துவர் நேரில் ஒருமுறை பார்க்கட்டும். கடிதத்தைப் படித்து நான் சொல்வது அவர் பார்ப்பதற்கு ஈடாகாது.

சின்னம்மை பெரும்பாலும் மார்பு, முதுகு, முகத்தில் தொடங்கும், அரிப்பு தாங்காது. உங்கள் மகனுக்கு உடம்பை விட்டுவிட்டு உள்ளங்கையிலும் காலிலும் வந்திருக்கிறது, வாயும் புண்ணாகியிருக்கிறது. தக்காளிக் காய்ச்சல் என்ற பெயர் 2022இல் கேரளத்தின் கொல்லம் பக்கம் குழந்தைகளுக்குக் கொப்புளம் கண்டபோது பரவியது. பரிசோதித்துப் பார்த்த குழந்தைகளிடம் இந்த நோயின் வைரஸ்தான் இருந்தது. கொப்புளம் சிவப்பாக இருந்ததால் வந்த பெயர்; தக்காளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊரில் மாடுகளுக்கு வரும் கோமாரியும் வேறு. மாட்டிலிருந்து இது வராது.

இப்போது உங்கள் மாமியார். அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அம்மை வந்த வீட்டில் பிள்ளையைத் தனியே படுக்க வைப்பது, வெளியாரைச் சேர்க்காமல் இருப்பது, குளிர்ச்சியாகச் சாப்பிடக் கொடுப்பது, எல்லாமே இந்த நோய்க்கும் பொருந்தும். வேப்பிலை வாசலில் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு விஷயத்தில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளிப்பாட்டுங்கள். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் என்றால் அவரே ஊற்றிவிடுவார். ஆனால் வேப்பிலை அரைத்துக் கொப்புளத்தில் பூச வேண்டாம், கொப்புளத்தைக் கிள்ளவும் வேண்டாம். இரண்டாவது, காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் கொடுத்தே ஆக வேண்டும்.

அளவைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோவுக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி. அதே மருந்து 5 மில்லியில் 250 மி.கி. என்றும் கடையில் கிடைக்கிறது, அதில் 3.6 மில்லிதான். பாட்டிலின் லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் போகக் கூடாது. ஆஸ்பிரின் கூடவே கூடாது. பெரியவர்கள் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜெல்லும் வேண்டாம்.

கொப்புளம் பார்க்கப் பயமாக இருக்கும், அது தானாக ஆறும். இந்த நோயில் பிள்ளைகள் துவண்டு போவது பெரும்பாலும் வாய் எரிச்சலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதால்தான். எனவே எத்தனை கொப்புளம் என்று பார்ப்பதைவிட எத்தனை தடவை சிறுநீர் போனான் என்று பாருங்கள். மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து வலி சற்று அடங்கியிருக்கும். அந்த நேரத்தில் ஊட்டுங்கள். ஆறவைத்த ராகிக் கூழ், புளிக்காத தயிர் சாதம், இளநீர், சில்லென்ற பால். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. ரசம், ஆரஞ்சு ஜூஸ், சூடான எதுவும் வேண்டாம். ஐஸ்கிரீம்? தாராளமாக. மாமியார் முகம் சுளிப்பார். டாக்டர் சொன்னதாகப் பழியை என்மேல் போடுங்கள்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், விடாமல் வாந்தி எடுத்தால், தூக்கத்தில் அடிக்கடி தூக்கிவாரிப் போட்டால், நடை தள்ளாடினால், எழுப்பினாலும் சோர்ந்தே கிடந்தால், மூச்சு வாங்கினால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள். மூளையைத் தொடும் என்டெரோவைரஸ் 71 என்ற வகை ஒன்று உண்டு. அரிதுதான். ஆனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் விஷயமல்ல.

டே கேருக்கு, காய்ச்சல் முழுதாக விட்டு, கொப்புளம் காய்ந்து, எச்சில் வடிவதும் நின்ற பிறகு அனுப்பலாம். பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள். நீங்களும் கணவரும் மாறி மாறி வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா என்று இன்றே கேட்டு வையுங்கள். மலத்தில் வைரஸ் பல வாரம் இருக்கும். அதற்காகப் பல வாரம் வீட்டில் வைத்திருக்க முடியாது. டயப்பர் மாற்றிய கையை ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மாமியாரும்தான். சானிடைசரை நம்பாதீர்கள், இந்த வகை வைரஸிடம் அதன் பலம் குறைவு. பெரியவர்களுக்கும் இது தொற்றும் என்பதால் அவன் மிச்சம் வைத்த சாதத்தை நீங்கள் சாப்பிடும் பழக்கத்தை இந்த மாதம் நிறுத்தி வையுங்கள்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் கழித்துச் சில பிள்ளைகளுக்குக் கை கால் நகம் அடியிலிருந்து கழன்று வரும். ஒரு அப்பா அப்படி உதிர்ந்த மூன்று நகங்களைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு முகம் வெளுத்து என் கிளினிக்குக்கு ஓடி வந்தார். வலியும் இருக்காது, மருந்தும் வேண்டாம். துணியில் மாட்டாமல் ஓரத்தை வெட்டி விட்டால் போதும், புது நகம் தானே வந்துவிடும்.