பிள்ளைகளோடு வில்பத்துவுக்கு: ஜீப்புக்குள் என்ன கொண்டுபோவது?

கேள்வி: அக்கா, விடுமுறைக்கு மிருகங்கள் பார்க்க வில்பத்து தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். மூத்தவளுக்கு நாலு வயது, இளையவனுக்கு ஒன்றரை. மாமியும் வருகிறா. முதல்நாள் இரவு அனுராதபுரத்தில் தங்கி, விடிய ஹுனுவில்கம வாசலால் உள்ளே போவதாக யோசனை. கொண்டுபோகிற சாமான் பட்டியல் எழுத எழுத நீளுகிறது. எதை எடுப்பது, எதை விடுவது?
– வாசகி, பரந்தன்

பதில்: தங்கச்சி, அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். அறைக்கு ஒன்று, ஜீப்புக்கு ஒன்று. அறைக்கு ஏதும் விட்டுப்போனால் அனுராதபுரத்துக் கடையில் வாங்கலாம். வாசல் தாண்டினால் கடை இல்லை, நினைத்த இடத்தில் இறங்கவும் விடமாட்டார்கள். 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட காடு அது. இறங்க அனுமதித்த இடம் வரும்வரை சாப்பாடு, நித்திரை, மூத்திரம் எல்லாம் ஜீப்புக்குள்தான்.

பேரனோடு போனபோது மாற்றுடுப்புப் பையை வாசலடியில், வந்த வான் வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டோம். மணல் பாதையில் ஜீப் குலுங்க, அரை மணித்தியாலத்தில் பிள்ளை சத்தி எடுத்துவிட்டான். சட்டை, காற்சட்டை, என் மடி எல்லாம் நனைந்தது. உடுப்பைக் கழற்றி, என் சால்வையால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். விடியற்காலைக் காற்றில் அவன் முதுகு நடுங்கியது இன்னும் என் கைக்குள் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு சோடி உடுப்பு, ஒரு துவாய், துணிப்பையில் சுருட்டி உங்கள் காலடியில் இருக்கட்டும். புறப்படமுதல் வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள். இரண்டு இடியப்பம் போதும்.

மூத்தவளுக்கு மூடியுள்ள சின்ன வாளி ஒன்று கட்டாயம். இளையவனுக்கு நாலு பம்பர்ஸ். பாவித்ததை இறுக்கக் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள், காட்டுக்குள் எறியக்கூடாது. புழுதி துடைக்க, பழைய வேட்டியில் கிழித்த துண்டுகளை நனைத்து ஒரு டப்பாவில் வையுங்கள். தொப்பிக்கு நாடியில் கட்டும் நாடா இருக்கவேண்டும். காற்றில் பறந்தால் இறங்கி எடுக்க முடியாது.

அப்புறம் கச்சான். பயணம் என்றால் நாங்கள் எல்லோரும் முதலில் வாங்குவது அதுதான். தங்கச்சி, இந்தப் பயணத்துக்கு வேண்டாம். இந்த வயதில் பிள்ளைக்கு ஒழுங்காகச் சப்பத் தெரியாது, அதோடு ஜீப்பும் குலுங்கும். ஒரு பருப்பு மூச்சுக்குழாயில் இறங்கினால் அந்தக் காட்டுக்குள் யாரைக் கூப்பிடுவது? கடலையும் கல்லுமிட்டாயும் அப்படித்தான். வாழைப்பழம், மேரி பிஸ்கட், எண்ணெய் குறைத்துச் சுட்ட ரொட்டி போதும். அதையும் ஜீப் நிற்கும்போது கொடுங்கள். யானை பக்கத்தில் நின்றால் சாப்பாட்டை வெளியே எடுக்கவே வேண்டாம்.

அரைநாள் பயணத்துக்கு உங்கள் ஐந்து பேருக்கும் ஆறு லீற்றர் தண்ணீராவது வேண்டும். இரண்டு பைக்கற் ஜீவனியும் வையுங்கள், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற அந்த உப்புச் சீனித் தூள்தான். கரைத்ததை இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். முழுநாள் பயணம் கேட்கவே கேட்காதீர்கள், ஒன்றரை வயதுக்காரன் தாங்கமாட்டான்.

நுளம்பு எண்ணெயைப் பிள்ளைகளின் உள்ளங்கையில் பூசவேண்டாம், வாயிலும் கண்ணிலும் வைப்பார்கள். அறைக்குத் திரும்பியதும் காதுக்குப் பின்னால், கமக்கட்டு, தலைமயிர் அடி எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

விளையாட்டுச் சாமான் ஒன்றும் வேண்டாம். ‘சிறுத்தை காட்டுவேன்’ என்று மட்டும் மகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். ‘வில்லு’ என்கிற இயற்கைக் குளங்களின் கரையில் முதலை கிடக்கும், மயிலும் புள்ளிமானும் நிற்கும், அவளுக்கு அது தாராளம். பாலைப்பழக் காலமென்றால் மரத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் வன்னியில் பொறுக்கித் தின்ற அதே பழத்துக்கு அங்கே கரடி ஏறும்.

மாமிக்கு ஒரு தலையணை எடுங்கள். அந்த இருக்கையில் அவவின் இடுப்பு தாங்காது.