கேள்வி – பதில்

ஜி20 மாநாட்டையொட்டி ‘ஒய்20’ என்று இளைஞர்களும் கூடி அறிக்கை தருகிறார்களே, அதை யாராவது படிக்கிறார்களா?
– கல்லூரி மாணவி, திருச்சி

தலைவர்கள் படிப்பார்கள் என்று நம்ப வேண்டாம். ‘ஷெர்ப்பா’ எனப்படும் அவர்களுடைய பிரதிநிதிகள்தான் மாநாட்டுப் பிரகடனத்தை வரிவரியாகப் பேரம் பேசி எழுதுகிறவர்கள். அறிக்கை போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். சிக்கல், காலம். 2023-ல் வாரணாசி ஒய்20 ஆகஸ்ட் 20-ல் முடிந்தது; டெல்லி உச்சி மாநாடு செப்டம்பர் 9-ல் தொடங்கியது. இருபதே நாளில் புது யோசனை எங்கே நுழையும்? அந்த ஆண்டு பிப்ரவரியில் குவாஹாட்டியில் நடந்த தொடக்கக் கூட்டத்திலேயே விதை போட்டிருக்க வேண்டும்.

அடுத்தது வாசகம். ‘இளைஞர் வேலைவாய்ப்பை ஊக்குவிக்க வேண்டும்’ என்றால் எல்லா நாடும் தலையாட்டும், ஒன்றும் நடக்காது. 2015-ல் துருக்கியின் அன்டால்யா நகரில் ஜி20 தலைவர்கள் ஏற்ற இலக்கைப் பாருங்கள்: வேலைச் சந்தையில் நிரந்தரமாகப் பின்தங்கும் அபாயம் அதிகமுள்ள இளைஞர்களின் விகிதத்தை 2025-க்குள் 15 சதவீதம் குறைப்பது. யாருக்கு, எவ்வளவு, எப்போதைக்குள் என்பது அதில் இருக்கிறது. பிறகு கணக்குக் கேட்கலாம்.

எல்லாமே ஒருமித்த முடிவு என்பதால், ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் ‘செய்ய வேண்டும்’ என்பது ‘பரிசீலிக்கலாம்’ என்று தேய்ந்துவிடும். முகவுரையை விட்டுக்கொடுங்கள், வினைச்சொல்லை விடாதீர்கள். மாற்று வாசகம் ஒன்றைக் கையோடு எழுதி எடுத்துப்போவது நல்லது.