சட்டைப்பைக்கு ஒரு மடக்குக் கத்தி: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். உர மூட்டையைப் பிரிக்க, பொட்டலக் கயிற்றை அறுக்க, மதிய வேளையில் பழம் நறுக்க என்று நாளுக்குப் பத்து முறையாவது கத்தியைத் தேடி அலைகிறேன். எப்போதும் உடன் வைத்துக்கொள்ள ஒரு சிறிய மடக்குக் கத்தி வாங்க வேண்டும் என்று ஆசை. கடைக்குப் போனால் இருபது வகை இருக்கின்றன. எதை எடுப்பது? (சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: தம்பி, கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் பொறுத்திருங்கள். அந்த ஒரு வாரமும், கத்தி தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும், எதை அறுக்கத் தேடினீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ராஃபியா கயிறு, யூரியா மூட்டையின் தையல் நூல், அட்டைப்பெட்டியின் ஒட்டுப்பட்டை, கடித உறை, பப்பாளி, கொய்யா என்று அந்தப் பட்டியல் இருக்கும் என்பது என் கணிப்பு. இவற்றுள் எதற்கும் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள அலகு வேண்டியதில்லை. குலை வெட்டுவதற்கு உளியும் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளும் இருக்கின்றன, புதர் வெட்டப் பாராங் இருக்கிறது. சட்டைப்பையில் இருக்கும் கத்தியிடம் அந்த வேலைகளை எதிர்பார்த்துப் பெரிதாக வாங்கியவர்கள், பாரம் தாங்காமல் சில நாளிலேயே அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இழுப்பறையில் கிடக்கும் கத்தியால் மூட்டையைப் பிரிக்க முடியாது.

நீளத்தைவிட நான் அதிகம் கவனிப்பது அலகின் கனத்தைத்தான். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டும் கறுப்பு வண்ணக் கத்திகளில் பல, முதுகுப் பக்கம் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும், பழத்தில் இறங்கும்போது அவை அறுப்பதில்லை, ஆப்பு வைத்தாற்போலப் பிளக்கின்றன. மங்குஸ்தான் பழத்தைக் கொண்டு இதைச் சோதித்துப் பாருங்கள். காம்பை இடக்கையால் பற்றிக்கொண்டு, பழத்தின் நடுவயிற்றில் அலகை வைத்து, தோலின் கனம் அளவுக்கு மட்டும் அழுத்தி, கத்தியை அசைக்காமல் பழத்தைச் சுழற்ற வேண்டும். மெல்லிய அலகாக இருந்தால் ஊதாத் தோல் மட்டும் வட்டமாகப் பிரிந்து, மேல் மூடியைத் தூக்கினால் உள்ளே வெண்சுளைகள் கீறல் படாமல் கிண்ணத்தில் வைத்தாற்போல இருக்கும். தடித்த அலகு தோலை நசுக்கி, அதன் கசப்புச் சாற்றைச் சுளையில் இறக்கிவிடும். இந்த ஒரு பழத்தை ஒழுங்காகத் திறக்கும் கத்தி, உங்கள் பட்டியலில் உள்ள மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காக அறுக்கும். முதுகில் இரண்டு மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும்.

இப்போது பெயர் சொல்லியே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டிருப்பது அதைத்தான். உலகம் முழுவதும் எளிய மடக்குக் கத்திக்கு அளவுகோலாக இருப்பவை இரண்டு. ஒன்று, கார்ல் எல்செனர் 1884இல் சுவிட்சர்லாந்தின் ஈபாக் கிராமத்தில் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த விக்டோரிநாக்ஸ். அவர் 1891இல் தம் நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். இன்று நாம் சிவப்புக் கத்தி என்று அடையாளம் காணும் வகையை 1897இல் பதிவு செய்தார். மற்றொன்று, ஜோசப் ஓப்பினெல் 1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் உருவாக்கிய மரப்பிடிக் கத்தி. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, இரண்டு வளையங்கள் ஆகியவற்றைத் தவிர அதில் எதுவும் இல்லை. அவற்றுள், அலகு மடங்கிவிடாமல் திருகிப் பூட்டும் வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது.

அழகில் எனக்கு ஓப்பினெல் மீதுதான் பிரியம். அதன் மெல்லிய அலகு பழத்தில் இறங்குவதைப் போல வேறு எதுவும் இறங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் நம் ஊருக்கு அதில் ஒரு குறை உண்டு. அதன் பிடி பீச் என்னும் மரத்தால் ஆனது. அந்த மரம் ஈரத்தை உறிஞ்சினால் உப்பிவிடும். ஒரு மாலை, மழையில் நனைந்த சட்டைப்பையிலிருந்து என் ஆறாம் எண் அளவுள்ள ஓப்பினெலை எடுத்தபோது, நகம் வலிக்க இழுத்தும் அலகு வெளியே வரவில்லை. இரண்டு நாள் காய வைத்த பிறகே திறந்தது. மதியத்தில் வெயிலும் மூன்று மணிக்கு மழையும் என்று வாழும் பேராக் மாநிலத்தில், நாள் முழுவதும் வெளியே நிற்பவருக்கு இது தொல்லைதான். அலுவலகத்திலும் வீட்டிலும் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் ஏழு சென்டிமீட்டர் அலகுள்ள ஆறாம் எண்ணைத் தயங்காமல் வாங்கலாம். கரிம எஃகு வகையை விட்டுத் துருப்பிடிக்காத எஃகு வகையைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் வேலைக்கு நான் பரிந்துரைப்பது, விக்டோரிநாக்ஸ் வகைகளில் 84 மில்லிமீட்டர் நீளமும் அலுமினியப் பிடியும் கொண்ட கேடட் என்ற சிறிய கத்தி. பிடி தண்ணீரில் உப்பாது, வியர்வையில் வழுக்காதபடி அதன் மேல் சிறு புள்ளிகள் பொறிக்கப்பட்டிருக்கும், சட்டைப்பையில் தட்டையாகப் படியும். எஃகு மிகக் கடினமானது அன்று. அதனால் கூர் சற்று விரைவில் மழுங்கும், ஆனால் ஐந்து நிமிடத்தில் சாதாரணச் சாணைக்கல்லிலேயே மீண்டும் ஏறிவிடும். விலையுயர்ந்த கடின எஃகு வாங்கிவிட்டுத் தீட்டத் தெரியாமல் மழுங்கலாகவே வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. சாவிக்கொத்தில் தொங்கும் அளவுக்குச் சிறியது போதும் என்றால், 58 மில்லிமீட்டர் நீளமும் 21 கிராம் எடையும் உள்ள கிளாசிக் வகையில் ஒரு குட்டிக் கத்தரியும் உண்டு; ஆனால் அதன் அலகு பப்பாளிக்குப் போதாது.

வாங்கும்போது கையில் எடுத்து நான்கைந்து முறை திறந்து மூடுங்கள். அலகு பிடியின் நடுவில் அமர வேண்டும், திறந்த நிலையில் பக்கவாட்டில் ஆடக்கூடாது, நகக்குழியில் நகத்தை வைத்து இழுத்தால் அழுத்தமாக, ஆனால் நகத்தை உடைக்காமல் வர வேண்டும். கட்டைவிரலை அலகின் முதுகில் ஊன்றிப் பாருங்கள். பிடி உள்ளங்கையில் உறுத்தினால், அது எவ்வளவு பேர்பெற்ற கத்தியானாலும் கீழே வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் பால்மரம் சீவியவர். இடுப்பில் எப்போதும் ஒரு சிறிய மடக்குக் கத்தி வைத்திருப்பார். அவர் காலமான பிறகு பெட்டியில் வைத்திருந்த அந்தக் கத்தி, துருப்பிடித்து மடிப்பிலேயே இறுகிவிட்டது. பேரன் அதைக் கேட்கிறான். சரி செய்ய முடியுமா? (தாப்பா வாசகி)

பதில்: முடியும் அம்மா, ஆனால் அவசரப்பட வேண்டாம். குறடு வைத்து இழுக்க யாரையும் விடாதீர்கள். பழைய கத்தியில் அலகு ஒடிவது பெரும்பாலும் அப்படித்தான். ஆணி இருக்கும் மூட்டில் தையல் இயந்திர எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓர் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் அலகை இலேசாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் மீண்டும் எண்ணெய் விட்டு மறுநாள் வரை காத்திருங்கள். மரப்பிடியாக இருந்தால் கத்தியை முழுமையாக எண்ணெயிலோ தண்ணீரிலோ மூழ்கடிக்க வேண்டாம்.

திறந்த பிறகு, அலகில் உள்ள எல்லா நிறத்தையும் துரு என்று எண்ணித் தேய்த்துவிடாதீர்கள். செம்பழுப்பாக, விரலில் பொடியாக ஒட்டுவது துரு. அதை மெல்லிய இரும்பு நார்கொண்டு எண்ணெயுடன் தேய்த்து எடுக்கலாம். சாம்பலும் கருநீலமுமாகப் படர்ந்து, தொட்டால் வழவழப்பாக இருப்பது வேறு. பாக்கும் பழத்தோலும் வெட்டும்போது அவற்றின் துவர்ப்புச் சத்து இரும்புடன் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது; துருவை ஓரளவு தடுக்கவும் செய்யும். என் தந்தையாரும் பால்மரம் சீவியவர்தான். அவருடைய கத்தியின் அலகு முழுவதும் அந்தக் கருநீலம் படர்ந்திருக்கும். பிடியின் இடுக்கில் காய்ந்த பால் நூல்போல ஒட்டியிருக்கும். மாலையில் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து அதை நகத்தால் உரித்தெடுப்பார். உங்கள் கணவரின் கத்தியிலும் அந்த நிறம் இருந்தால், அது அவர் வெட்டிய பாக்கின் நிறமாகத்தான் இருக்கும். பேரனுக்கு அதை அப்படியே கொடுங்கள்.

இனிமேல் அதைத் தோல் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த துணியில் சுற்றி, மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு தகர டப்பாவில் வைத்தால் நெடுநாள் இருக்கும்.

கேள்வி: பூட்டு உள்ள கத்தி பாதுகாப்பானதா, பூட்டு இல்லாததா? (பந்திங் வாசகர்)

பதில்: நல்ல பூட்டு பாதுகாப்பானது, மோசமான பூட்டு, பூட்டே இல்லாததைவிட ஆபத்தானது. பூட்டு இல்லாத கத்தியில், பிடியின் முதுகில் உள்ள வில் ஒன்று அலகின் அடிக்கட்டையை அழுத்தி நிறுத்துகிறது. அது மடங்கக்கூடியது என்று தெரிந்திருப்பதால் கை தானாகவே எச்சரிக்கையாக இருக்கும். இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைத்த, பூட்டு வைத்த கத்தி ஒன்றை நம்பி நான் ஒரு தடித்த கயிற்றை அறுத்தபோது, பூட்டுத் தகடு வழுக்கி அலகு என் ஆட்காட்டி விரலின் மேல் மடங்கியது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. கயிறும் பழமும் காகிதமும் அறுப்பவருக்குப் பூட்டு தேவையில்லை என்பதே என் எண்ணம். முனையால் குத்தித் துளையிடும் வேலை இருந்தால் மட்டும் பூட்டைத் தேடுங்கள். அந்த வேளையில் விலையைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: படிவம் நான்கில் படிக்கும் என் மகன், தாத்தாவைப் போலத் தானும் ஒரு சிறிய கத்தி வைத்துக்கொள்ள விரும்புகிறான். வாங்கிக் கொடுக்கலாமா? சட்டச் சிக்கல் வருமா? (சுங்கை பட்டாணி வாசகி)

பதில்: வாங்கிக் கொடுக்கலாம், ஆனால் அது வீட்டில் இருக்கட்டும். பள்ளிக்கு எந்தக் கத்தியும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், போகக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் தாக்கும் ஆயுதங்கள் பற்றிய சட்டம், பொது இடத்தில் சட்டப்பூர்வமான நோக்கம் இன்றித் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதைக் கடுங்குற்றமாகக் கருதுகிறது. சிறைத்தண்டனை வரை போகும். தோட்டத்தில் மூட்டை பிரிக்கும் தொழிலாளியின் கையில் இருக்கும் சிறு கத்திக்கு ஒரு நோக்கம் உண்டு. இரவு பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் நண்பர்களோடு நிற்கும் பையனின் பையில் அதே கத்தி இருந்தால், அவன் என்ன விளக்கம் சொல்வான் என்று எண்ணிப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் தானே பாயும் கத்தியை விளையாட்டுக்குக்கூட வாங்காதீர்கள், அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். நகத்தால் இரு கை கொண்டு திறக்கும் சிறிய கத்தியாகப் பார்த்து வாங்கி, மாவிலைத் தோரணம் கட்டும்போதும் வாழையிலை நறுக்கும்போதும் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து அவனுக்குப் பழக்குங்கள். விமானத்தில் போவதாக இருந்தால், கையில் கொண்டுபோகும் பையில் அது இருக்கக்கூடாது என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.

கேள்வி: எத்தனை முறை தீட்டினாலும் என் கத்தி அறுப்பதில்லை. கல் சரியில்லையா? (பாகான் செராய் வாசகர்)

பதில்: கல்லின் மேல் பழி போட வேண்டாம். கோணம் ஒவ்வொரு இழுப்பிலும் மாறுவதுதான் காரணமாக இருக்கும். அலகைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதைப் பாதி சாய்த்து, மீண்டும் அதில் பாதி சாய்த்தால் ஏறத்தாழ இருபது பாகை கிடைக்கும். அந்தச் சாய்வு மாறாமல் ஒரு பக்கத்தை மட்டும் தீட்டிக்கொண்டே போங்கள். மறுபக்க விளிம்பில் விரல் நுனியைக் குறுக்காக, வெளிப்புறம் நோக்கி மெல்ல இழுத்தால் மயிரிழை போன்ற ஒரு பிசிறு தட்டுப்படும். அடியிலிருந்து முனைவரை அந்தப் பிசிறு வந்த பிறகே பக்கத்தை மாற்ற வேண்டும். பலர் அது வரும் முன்பே மாற்றிவிடுகிறார்கள். இரு பக்கமும் வந்ததும், அழுத்தம் கொடுக்காமல் மாறி மாறிப் பத்து முறை இழுத்து, பழைய இடைவாரின் உட்புறத்தில் அலகின் முதுகு முன்செல்லுமாறு சில முறை தடவினால் பிசிறு உதிர்ந்துவிடும். பிறகு பழைய நாளிதழ்த் தாள் ஒன்றை ஒரு கையில் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள். கத்தி எந்த இடத்தில் தாளைக் கிழிக்கிறதோ, அந்த இடத்தை மட்டும் மீண்டும் கல்லுக்குக் கொண்டுபோனால் போதும்.