ஒபாமாகேர் சண்டை: க்ளைம் பிரிவிலிருந்து சில பதில்கள்

சென்னையில் 11 வருடம் நைட் ஷிஃப்ட்டில் ஏஆர் காலராக இருந்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரி அனுப்பிய பில்லுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராவிட்டால், அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு ஏன் தரவில்லை என்று விடிய விடியக் கேட்கும் வேலை. இப்போது ஒஹாயோவில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் இருக்கிறேன். அரசியல் படித்தவள் இல்லை. ஆனால் அந்த ஊர் அரசியல் மாறும்போதெல்லாம் என் ஸ்கிரீனில் வரும் டினையல் கோடும் (பணம் மறுத்த காரணத்தைச் சொல்லும் எண்) மாறியிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மிட்டெர்ம் என்பது நம்ம ஊர் இடைத்தேர்தல் மாதிரியா? 2010இல் ஒபாமா தோற்றார் என்கிறார்கள், பதவியில் எப்படித் தொடர்ந்தார்? (கார்த்திக், சேலம்)

இல்லை தம்பி. நம் ஊரில் யாராவது இறந்தாலோ ராஜினாமா செய்தாலோ அந்தத் தொகுதிக்கு மட்டும் நடப்பது இடைத்தேர்தல். இது அதிபரின் நாலு வருடத்துக்கு நடுவில் வரும் தேர்தல். கீழவையின் 435 இடங்களுக்கும் செனட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் ஓட்டுப் போடுவார்கள். அதிபர் பெயர் வாக்குச்சீட்டில் இருக்காது, ஆனால் அவர் மேல் உள்ள கோபம் இருக்கும்.

ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்லும் மருத்துவ இன்சூரன்ஸ் சட்டத்தில் ஒபாமா 2010 மார்ச் 23இல் கையெழுத்திட்டார். நவம்பர் 2 தேர்தலில் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக 63 இடங்கள் கிடைத்து கீழவை கைமாறியது. மறுநாள் அவரே அதைச் செமத்தியான அடி என்று ஒத்துக்கொண்டார். சட்டம் மட்டும் காரணமில்லை, வேலையின்மை 9 சதவீதத்துக்கு மேல் இருந்த நேரம் அது. ஆனால் கீழவையில் 219–212 என்று அந்தச் சட்டம் நிறைவேறியபோது எதிர்க்கட்சியிலிருந்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதனால் நல்லதோ கெட்டதோ, பழி முழுக்க ஒபாமாவின் டெமாக்ரட் கட்சியின் தலையில்.

கீழவை கையில் வந்ததும் சட்டத்தை ரத்து செய்து ஓட்டுப் போட்டார்களே, அப்புறமும் அது எப்படிப் பிழைத்தது? (மீனாட்சி, மதுரை)

2011 ஜனவரி 19இல் கீழவை 245–189 என்று ரத்து மசோதாவை நிறைவேற்றியது. மசோதாவின் பெயரிலேயே 'வேலைகளைக் கொல்லும் சட்டம்' என்று எழுதிவைத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து செனட்டில் 47–51 என்று விழுந்தது. செனட் தாண்டியிருந்தாலும் ஒபாமா வீட்டோ செய்திருப்பார், அதை மீற இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஓட்டுப் போட்ட எல்லோருக்கும் இது தெரியும்.

தெரிந்தும் முழுதாகவோ பகுதியாகவோ ஐம்பது தடவைக்கு மேல் ரத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். எங்கள் டீமில் ஒரு பையன் இருந்தான். புது டாக்குமென்ட் எதுவும் சேர்க்காமல் அதே அப்பீல் லெட்டரைத் திரும்பத் திரும்ப ஃபேக்ஸ் பண்ணுவான். பணம் வராது, ஆனால் அன்றைய டார்கெட் கணக்கில் ஏறிவிடும். அந்த ஓட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு அவன் ஞாபகம்தான் வரும். தொகுதிக்குப் போனால் 'நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன்' என்று சொல்லலாம் அல்லவா.

இரண்டு கட்சியும் 'ப்ரீ எக்சிஸ்டிங்' என்றே பேசுகின்றன. அதில் அப்படி என்ன இருக்கிறது அக்கா? (ஷர்மிளா, திருச்சி)

மொத்தச் சண்டையும் இதற்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

க்ளைமை மறுக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனி காரணத்தை ஒரு எண்ணாக அனுப்பும். 29 என்றால் காலக்கெடு தாண்டிவிட்டது. 51 என்றால் பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய், அதாவது ப்ரீ எக்சிஸ்டிங், பணம் கிடையாது. 2008இல் ஒரு ராத்திரி எனக்கு வந்த க்ளைம் ஒரு பெண்மணியின் நெஞ்சுவலி அட்மிஷன். கோடு 51. போன் போட்டேன். நாற்பது நிமிட ஹோல்ட் மியூசிக்குக்குப் பிறகு ஒருவர் வந்து, பாலிசி எடுப்பதற்குச் சில மாதம் முன்பு அவர் பிரஷர் மாத்திரை வாங்கியதாக ரெக்கார்டில் இருக்கிறது என்றார். ரெஃபரன்ஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு, நோட்ஸில் 'பேஷன்ட் பொறுப்பு' என்று டைப் செய்து, அடுத்த அக்கவுன்ட்டைத் திறந்தேன். அதே பிரஷர் மாத்திரையை என் அம்மா தினமும் காபிக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது வேலை மூலம் கிடைக்கும் இன்சூரன்ஸில் இப்படி ஒதுக்குவதற்குப் பொதுவாக 12 மாத வரம்பு இருந்தது. தனியாக வாங்கும் பாலிசியில்தான் கம்பெனி வைத்தது சட்டம், பல மாநிலங்களில் பாலிசியே தரமாட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஒபாமாகேர் 2014 ஜனவரி 1 முதல் அதைத் தடுத்தது. நோயைக் காட்டி மறுக்கக் கூடாது, அதற்காகக் கூடுதல் பிரீமியமும் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகு என் ஸ்கிரீனில் 51 வருவது அபூர்வமாகிவிட்டது.

அதை மட்டும் வைத்துக்கொண்டு, இன்சூரன்ஸ் எடுக்காதவர்களுக்குப் போட்ட அபராதத்தை விட்டிருக்கலாமே? (இளங்கோ, புதுச்சேரி)

சீட்டுப் பிடிக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள். சீட்டை எடுக்கிற மாதம் மட்டும் வந்து சேர்ந்துகொள்கிறேன், மற்ற மாதம் கட்டமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் நடத்துகிற அக்கா என்ன சொல்வார்? நோயாளியை மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டால், ஆரோக்கியமாக இருப்பவர் நோய் வந்ததும் பாலிசி வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார். அதைத் தடுக்கத்தான் கட்டாயமும் அபராதமும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த யோசனையை 1989லேயே முன்வைத்தது ஹெரிட்டேஜ் என்ற வலதுசாரி ஆய்வு அமைப்பு. 2006இல் மாசசூசெட்ஸில் அதை அமல்படுத்தியவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. ஒபாமா கையில் எடுத்ததும் அது சுதந்திரத்தைப் பறிக்கிற சட்டமாகிவிட்டது. 2012 ஜூன் 28இல் உச்ச நீதிமன்றம், அபராதத்தை வரியாகப் பார்த்தால் செல்லும் என்று 5–4இல் காப்பாற்றியது. 2017 வரிச் சட்டம் அந்த வரியை 2019 முதல் பூஜ்யமாக்கியது. சந்தை சரிந்துவிடும் என்று நானும் நினைத்தேன், சரியவில்லை. பிரீமியத்துக்கு அரசு தரும் மானியம் இருந்ததால் மக்கள் பாலிசியை விடவில்லை.

நீங்கள் டெமாக்ரட் மாதிரியே பேசுகிறீர்கள் மேடம். எனக்குச் சொந்தத் தொழில். இந்தச் சட்டம் வந்த பிறகு பிரீமியம் கட்டி மாளவில்லை. (ரமேஷ், டாலஸ்)

உங்கள் கோபம் நியாயம் சார். ஏழ்மைக் கோட்டு வருமானத்தின் நாலு மடங்கைத் தாண்டினால் அப்போது மானியம் ஒரு டாலர்கூடக் கிடையாது. பிரீமியம் உயர்வு முழுக்க உங்கள் தலையில். மத்திய அரசின் இணையச் சந்தையைப் பயன்படுத்தும் மாநிலங்களில், மானியத்தைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் பிளானின் பிரீமியம் 2017இல் மட்டும் சராசரியாக 25 சதவீதம் ஏறியது. 'உங்கள் பாலிசி பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்' என்று ஒபாமா சொன்னது பலருக்குப் பொய்யானது. 2013 கடைசியில் லட்சக்கணக்கானவர்களுக்கு ரத்துக் கடிதம் போனது, அவரும் தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்தார். அந்தக் கடிதங்களோடு எங்கள் கவுன்ட்டருக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2021இல் அந்த வருமான உச்சவரம்பைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு மானியத்தை உயர்த்தினார்கள், 2025 கடைசிவரை நீட்டித்தார்கள். அதற்குப் பிறகும் தொடர வேண்டுமா என்ற சண்டையில்தான் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசாங்கம் முடங்கியது.

வயதானவர்களுக்குச் சிகிச்சை தரலாமா என்று முடிவெடுக்க அரசு குழு இருக்கிறதாமே? (வாசுகி, சென்னை)

கிடையாது. 2009இல் குடியரசுக் கட்சியின் சாரா பேலின் கிளப்பிய புரளி அது. கடைசிக் காலச் சிகிச்சை பற்றி டாக்டரோடு பேசுவதற்கான கட்டணத்தை முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் தரும் என்ற ஒரு வரியைத் திரித்தது.

நீங்கள் இருக்கும் ஒஹாயோ எந்தப் பக்கம்? (ஜெகன், நாகர்கோவில்)

இரண்டு பக்கமும். ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012 தீர்ப்பு சொல்லிவிட்டது. அப்போது எங்கள் ஆளுநராக இருந்த ஜான் கேசிக் குடியரசுக் கட்சிக்காரர். அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் வேண்டாம் என்றது. அவர் 2013 அக்டோபரில் செலவுகளை அனுமதிக்கும் ஒரு சிறு வாரியத்தில் 5–2 என்று அனுமதி வாங்கினார். சொர்க்க வாசலில் புனித பேதுரு 'ஏழைக்கு என்ன செய்தாய்' என்றுதான் கேட்பார் என்று சொந்தக் கட்சிக்காரர்களிடமே சொன்னவர் அவர். டெக்சாஸும் ஃப்ளோரிடாவும் இன்றுவரை விரிவாக்கவில்லை.

2010இல் தோற்கடித்த அதே சட்டம் 2018 மிட்டெர்மில் எப்படி ஜெயிக்க வைத்தது? (அருண், ஈரோடு)

இடையில் 2017 வந்தது. அதிபர் பதவி, இரு அவை எல்லாம் குடியரசுக் கட்சியிடம். கீழவை மே 4இல் 217–213 என்று மாற்று மசோதாவை நிறைவேற்றியது. அதனால் 2026க்குள் 2.3 கோடிப் பேர் கூடுதலாக இன்சூரன்ஸ் இல்லாமல் போவார்கள் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொன்னது. ஜூலை 28 நள்ளிரவு தாண்டி, செனட்டில் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்னே எதிர்த்து ஓட்டுப் போட்டு, கட்டைவிரலைக் கீழே காட்டினார். 49–51 என்று ரத்து முயற்சி விழுந்தது. அவருக்கு மூளைப் புற்றுநோய் என்று தெரிந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

ரத்து என்று ஏழு வருடம் சொன்னவர்களிடம் பதிலுக்கு ஒரு திட்டம் இல்லை என்று அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது. 2018இல் டெமாக்ரட்டுகள் எங்கு போனாலும் ப்ரீ எக்சிஸ்டிங் என்றே பேசி, சுமார் 40 இடங்கள் கூடுதலாக எடுத்தார்கள். அதே நேரம் சட்டம் முழுவதும் செல்லாது என்று 20 மாநிலங்கள் வழக்குப் போட்டிருந்தன. மிசோரி மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (அரசுத் தலைமை வழக்கறிஞர்), குடியரசுக் கட்சியின் ஜாஷ் ஹாலி அந்த வழக்கில் ஒரு தரப்பு, ஆனால் தன் மகனின் நோயைச் சொல்லி, அந்தப் பாதுகாப்பை ஆதரிக்கிறேன் என்று விளம்பரம் கொடுத்தார். செனட்டுக்கு ஜெயித்தும் விட்டார்! அதே கட்சியின் விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கர் அதே மாதிரி பேசித் தோற்றார். வழக்கை உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் 7–2 என்று தள்ளியது, வழக்குப் போட உங்களுக்குத் தகுதியே இல்லை என்று.

அப்பா அம்மாவை ஆறு மாதத்துக்குக் கூட்டிவருகிறோம். அப்பாவுக்குச் சுகர். ஒபாமாகேரில் சேர்க்க முடியுமா அக்கா? (ப்ரியா, நியூஜெர்சி)

முடியாதும்மா. சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் அதில் சேர முடியாது. விசிட்டர் இன்சூரன்ஸ்தான் வாங்க வேண்டும், அதற்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. பாலிசியில் 'அக்யூட் ஆன்செட்' என்ற வரி இருக்கிறதா, எத்தனை வயதுவரை, எவ்வளவு தொகைவரை என்று முதலில் பாருங்கள். பழைய நோய் திடீரென்று முற்றினால் மட்டும் தருவோம் என்று அர்த்தம். வழக்கமான சுகர் மாத்திரைக்கும் செக்கப்புக்கும் தரமாட்டார்கள். மாத்திரையை ஆறு மாதத்துக்கும் சேர்த்து, டாக்டர் சீட்டோடு ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள். 51 எனக்கு இப்போது வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த விசிட்டர் க்ளைம்களில்தான்.