கைப்பின்னல் பொம்மையை மேசையில் வைப்பதற்கு முன்

இங்கிலாந்தில் ரெடிங்குக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், கணவருக்கு ஸ்கில்டு வொர்க்கர் (வேலை) விசா, நீங்கள் அவரைச் சார்ந்து வந்த டிபெண்டன்ட். குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பொம்மைகள் நன்றாகப் போடுவீர்கள். கிறிஸ்துமஸ் கிராஃப்ட் ஃபேரில் ஸ்டால் போடலாமா, எந்த நூல் மலிவு, என்ன விலை வைப்பது, இன்ஸ்டாகிராம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலையும் இன்ஸ்டாகிராமும் நாலு ஃபேர் சுற்றி வந்தால் தானாகப் பிடிபடும். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் முக்கியம். புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் அதில்தான்.

நீங்கள் பின்னும் குட்டி யானை இங்கே சட்டப்படி ஒரு பொம்மை. தொழிற்சாலைப் பொம்மைக்கு உள்ள 2011ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு விதிகள் அதற்கும் உண்டு. ஒன்றே ஒன்று விற்றாலும் நீங்கள்தான் உற்பத்தியாளர். பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. அல்லது யு.கே.சி.ஏ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. 'அலங்காரப் பொருள், விளையாட அல்ல' என்று சீட்டு ஒட்டினால் தப்பிக்கலாம் என்று நம் ஆட்களே சொல்வார்கள், கேட்காதீர்கள். சாவிக்கொத்தில் தொங்கும் கரடிகூடப் பொம்மைதான். 'மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அல்ல' என்ற எச்சரிக்கையும் இதற்குச் செல்லாது. கட்டிப்பிடிக்கத் தோன்றும் பஞ்சுப் பொம்மையைக் கைக்குழந்தையும் வாயில் வைக்கும் என்றுதான் சட்டம் பார்க்கிறது. அப்படிப் பார்ப்பது சரி என்பதே என் கருத்தும்.

இ.என். 71 என்ற பொம்மைப் பாதுகாப்புத் தரநிலையில் உங்களுக்கு வேண்டியவை மூன்று பகுதிகள். முதலாவது, இழுத்தால் எதுவும் கழன்று வரக் கூடாது. தையல் 70 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். கண், மூக்கு போன்றவை 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் 90, அதற்குள் என்றால் 50, பத்து விநாடிக்கு. 90 நியூட்டன் என்பது ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல். நம் எல்லோர் வீட்டிலும் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு இருக்குமே, அது போதும். உடம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காதிலோ காலிலோ கிளிப்பை மாட்டி, தராசின் கொக்கியைக் கோத்து மெதுவாக இழுங்கள். எண் தெரியும்படி ஃபோட்டோ எடுத்து வையுங்கள். சோதித்த பொம்மையை விற்காதீர்கள். இரண்டாவது தீ. பற்றினாலும் சுடர் விநாடிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. மூன்றாவது ரசாயனம். நூல், பஞ்சு, கண் எல்லாவற்றுக்கும் விற்றவரிடம் இ.என். 71-3 சான்று கேட்டு வாங்க வேண்டும். நூல் லேபிளில் இருக்கும் ஓகோ-டெக்ஸ் என்ற துணிச் சான்று முத்திரை வேறு, இது வேறு.

அதனால்தான் 'எந்த நூல் மலிவு' என்பது தப்பான கேள்வி. பாரிமுனையில் எடைக்கு வாங்கிப் பெட்டியில் அடைத்து வந்த உல்லன், சாரிட்டி ஷாப்பில் லேபிள் இல்லாமல் கிடைக்கும் உருண்டைகள், இவை எல்லாம் வீட்டுக் குழந்தைக்குத் தொப்பி பின்ன நன்றாக இருக்கும். சான்று இல்லாததால் விற்பனைக்கு உதவாது. ஸ்டைல்கிராஃப்ட் ஸ்பெஷல் டி.கே. மாதிரி 100 கிராமுக்கு 295 மீட்டர் வருகிற சாதாரண அக்ரிலிக்கில் தொடங்குங்கள். லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கும். பொம்மைக்கு 2.75 அல்லது 3 எடுங்கள். இல்லாவிட்டால் கண்ணிக்கு நடுவே பஞ்சு வெள்ளையாகத் தெரியும், பிள்ளையின் விரலும் நுழையும். கண்ணி எண்ணிக்கையைக் குறைக்கும் இடத்தில் இரண்டு கண்ணிகளின் முன்வளையத்தை மட்டும் கோத்துக் குறைத்தால் ஓட்டை விழாது.

பெரும்பாலான பொம்மைகள் தோற்பது கண்ணில்தான். பிளாஸ்டிக் சேஃப்டி கண்ணை உள்பக்கம் பிடித்து நிறுத்தும் வாஷர் துணிக்காகச் செய்தது. பின்னலில் கண்ணி விரிந்து கொடுக்கும். வாஷர் உடையாமலேயே கண் முழுதாக வெளியே வந்துவிடும். அதனால் கண்ணைக் கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள். முடிச்சை உள்ளே போட்டு, வால் நூலை உடம்புக்குள் மூன்று திசையில் ஓட்டி வெட்டுங்கள். கால்களைத் தனியாகத் தைப்பதைவிட, இரண்டு காலையும் பின்னி அங்கேயே சேர்த்து உடம்பைத் தொடருங்கள். தைத்தே ஆக வேண்டிய காதுக்கு 30 சென்டிமீட்டர் வால் விட்டு, முழுக் கண்ணியையும் கோத்து இரண்டு சுற்றுத் தையுங்கள். வெல்வெட் மாதிரியான ஷெனில் நூல் இப்போது வேகமாக விற்கிறது, ஆனால் வெட்டிய முனையில் ரோமம் உதிரும், பின்னலைத் தொடங்கும் மேஜிக் ரிங் என்ற வளையத்தை இறுக்கும்போது அறுந்தும் போகும். அதற்கு இரண்டு சங்கிலி போட்டு, முதல் சங்கிலியில் ஆறு கண்ணி போடுவது நல்லது. இங்கிலாந்து பேட்டர்னில் 'டபுள் குரோஷே' என்பது அமெரிக்காவின் 'சிங்கிள்'. பேட்டர்ன் எந்த நாட்டுடையது என்று முதலில் பாருங்கள்.

ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு ஃபைல் வேண்டும். பேட்டர்ன், பொருட்களின் பட்டியல், பில், சான்றுகள், சோதனை ஃபோட்டோ, ஆபத்துகளைப் பற்றிய குறிப்பு, பொம்மை விதிகளுக்கு உட்பட்டது என்று கையெழுத்திட்ட உறுதிமொழி. பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். நூலை மாற்றினால் ஃபைலிலும் மாற்றுங்கள். லேபிளில் முத்திரை 5 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல், உங்கள் பெயர், தபால் முகவரி, பேட்ச் எண். பிக்காச்சு மாதிரி உரிமையுள்ள உருவங்களைத் தொடவே தொடாதீர்கள், எவ்வளவு கேட்டாலும்.

விசா விஷயத்தில் டிபெண்டன்டான நீங்கள் சொந்தத் தொழில் செய்யலாம். உங்கள் கணவரோ, ஸ்டூடன்ட் விசாவில் இருக்கும் தோழியோ இதை நடத்தக் கூடாது. ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதியே இல்லை. 'கையில் காசு வாங்கினால் யாருக்குத் தெரியும்' என்று சொல்லி இரண்டு மூன்று பேரின் விசாவைச் சிக்கலில் விட்டவர்கள் நம்மவர்களிலேயே உண்டு. வரி வருடத்தில் விற்பனை 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையில் பதிவு செய்யுங்கள். லாபத்தைப் பார்ப்பதில்லை, மொத்த வரவுதான் கணக்கு. ஃபேர் நடத்துபவர் பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் (உங்களால் பிறருக்குக் காயமோ சேதமோ வந்தால் ஈடுகட்டும் காப்பீடு) சான்று கேட்பார்.

கோவில் ஹாலில் நடக்கும் பொங்கல் சந்தைக்கும் இதே சட்டம்தான். அங்கே யாரும் கேட்பதில்லை என்பதற்காகப் பல வருடமாக முத்திரை இல்லாமல் விற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்கள் கைத்திறன் இங்குள்ள யாருக்கும் குறைந்ததல்ல. ஊரில் டி.வி.க்கும் டெலிபோனுக்கும் மூடி பின்னிய தலைமுறை அது. நாங்கள் வந்த காலத்தில் இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. நூலகத்தில் பின்னிக்கொண்டே பேசும் 'நிட் அண்ட் நேட்டர்' குழுவில் வெள்ளைக்காரப் பாட்டிமார்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள்தான் நிலைத்து நின்றார்கள். உங்கள் ஊர் நூலகத்திலும் விசாரியுங்கள்ம்மா. டீயும் பிஸ்கட்டும் தருவார்கள், எந்த சர்ச் ஹாலின் ஃபேருக்குக் கூட்டம் வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் ஸ்டால்களுக்குக் கோடையிலேயே பதிவு தொடங்கிவிடும். அதற்குள் மூன்று வடிவத்துக்காவது ஃபைலை முடித்துவிடுங்கள்.