டிரெய்லரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறோம். ஜூலைப் பள்ளி விடுமுறையில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் சிம்சன் பாலைவனத்தைக் கடக்க ஆசை. டீசல் ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது. கேம்பர் டிரெய்லரை (தங்கும் வசதியுள்ள இழுவண்டி) இழுத்துக்கொண்டு, பாலைவனத்தின் கிழக்கு ஓரத்து ஊரான பேர்ட்ஸ்வில்லில் தொடங்கி மேற்கே போகலாமென்று திட்டம். என் வண்டி தாங்குமா?

பதில்: வண்டி நல்ல நிலையில் இருந்தால் தாராளமாகத் தாங்கும். 1962இல் ரெஜ் ஸ்பிரிக் என்ற நிலவியல் அறிஞர், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு நிசான் பேட்ரோலில் இதே பாலைவனத்தைக் கடந்தார். மோட்டார் வண்டியில் முதலில் கடந்தவர்கள் அந்தக் குடும்பம்தான். எனக்குக் கவலையெல்லாம் உங்கள் டிரெய்லரும் நீங்கள் போகும் திசையும்தான்.

அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் ஏறக்குறைய வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன. அவற்றின் மேற்குப் பக்கம் சரிவு குறைவு, கிழக்குப் பக்கம் செங்குத்து. பேர்ட்ஸ்வில்லில் தொடங்கினால் ஒவ்வொன்றையும் கடினமான பக்கத்திலிருந்து ஏறவேண்டும். அதுவும் தொடக்கத்திலேயே சுமார் 40 மீட்டர் உயர ‘பிக் ரெட்’ மணல்மேடு நிற்கும். மேற்கு ஓரத்திலுள்ள மவுண்ட் டேரில் தொடங்கிக் கிழக்கே வாருங்கள். வழியில் டல்ஹவுசி ஊற்று இருக்கிறது. அந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பிள்ளைகள் இறங்கிவிட்டால் கரையேற்றுவது உங்கள் பாடு.

மணலில் டிரெய்லர் நங்கூரம் மாதிரி. பாதி மேட்டில் நின்றுபோனால், அதோடு நேராகப் பின்னால் இறங்குவது பழகிய கைகளுக்கே சிரமம். பாதையும் குழிகுழியாகும். கூடாரம் போதும்.

அடுத்தது டயர் காற்று. பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் 36, 38 பிஎஸ்ஐ வைத்திருப்பீர்கள். மணல் தொடங்கும் இடத்தில் 18க்கு இறக்கிவிடுங்கள். டயர் முன்னும் பின்னும் நீண்டு மணலில் படியும், அதுதான் பிடிப்பு. ஏறாமல் நின்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுழலச் சுழலப் பள்ளம்தான் ஆழமாகும். வந்த தடத்திலேயே பின்னால் இறங்கி, இன்னும் இரண்டு பிஎஸ்ஐ குறைத்து, மறுபடி ஏறுங்கள். ரொம்பக் குறைத்துவிட்டுச் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். கம்ப்ரஸர் இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

மேட்டின் உச்சியில் ஒரு நொடி பானெட்டும் வானமும் மட்டும்தான் தெரியும். எதிரே வண்டி வந்தாலும் தெரியாது. அதனால்தான் உயரமான கம்பத்தில் கொடி கட்டுவது கட்டாயம். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் யுஎச்எஃப் ரேடியோவை 10ஆம் சானலில் வைத்து, இருக்கும் இடத்தை அவ்வப்போது சொல்லிக்கொண்டே போங்கள்.

ஒற்றை வண்டியாகப் போவதை, பிள்ளைகளோடு என்றால், நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொபைல் சிக்னலை நம்ப முடியாது, சாட்டிலைட் போன் வேண்டும். சுமார் 500 கிலோமீட்டருக்கு பங்க் கிடையாது; மணலில் டீசல் குடிக்கும், 150 லிட்டருக்குக் குறையாமல் வையுங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 7 லிட்டராவது. ஸ்பினிஃபெக்ஸ் புல் எக்ஸாஸ்டில் சிக்கித் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. நிறுத்தும்போதெல்லாம் குனிந்து பாருங்கள்.

ஜூலை சரியான மாதம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயிலுக்காகப் பாலைவனத் தேசியப் பூங்காவையே மூடிவிடுவார்கள். ஆனால் ஜூலை இரவில் குளிர் பூஜ்யத்தைத் தொடலாம், நல்ல ஸ்லீப்பிங் பேக் எடுங்கள். பாலைவன அனுமதிச் சீட்டை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். கிளம்பும் வாரத்தில் பேர்ட்ஸ்வில்லுக்குப் போன் போட்டு, வழியில் குறுக்கிடும் ஏர் க்ரீக் ஓடையில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால் வடக்கே சுற்றித்தான் வரவேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்து டீசல் கணக்குப் போடுங்கள்.